ஒரே படத்துக்கு இரண்டு இடைவேளை

திரையரங்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் புரொஜெக்டரைப் பற்றியும் ஒலி அமைப்பைப் பற்றியும்தான். அவற்றைக் கம்பெனி ஆட்கள் வந்து சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மறந்துவிட்டால் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது கூட்டம் ஒன்றுதான். இருட்டில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். அதைப் பற்றிக் கேட்டு யாருக்கும் போன் செய்ய முடியாது. அந்த நேரத்தில் அங்கே நிற்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் மேனேஜராக இருந்த திரையரங்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. இப்போது அதை இடித்து மூன்று திரையாகக் கட்டிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கத் தொடங்கினேன். ஒற்றைத் திரையாக இருந்த கடைசி வருடத்தில் நடந்தது இது.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு த்ரில்லர். கதை முழுவதும் ஒரு மனநல மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும். சொத்துக்காக அண்ணன்கள் தங்கையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். அவளுக்கு உண்மையில் நோய் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசி வரை பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்தான் கதாநாயகன். போஸ்டரில் இது எதுவும் இருக்காது. கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு முறைத்துக்கொண்டிருப்பான். அவனுக்காகவே அரங்கு நிறைந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சி. அவன் முகம் போட்ட மஞ்சள் பனியனோடு ஒரு கும்பல் பின்வரிசைகளைப் பிடித்திருந்தது.

படம் தொடங்கிய பிறகு நான் என் அறையில் உட்கார மாட்டேன். அரங்கின் பின்சுவரை ஒட்டி நிற்பேன். திரையைப் பார்ப்பதற்காக அல்ல. தலைகளைப் பார்ப்பதற்காக. பிடித்த படத்தில் தலைகள் அசையாது. பிடிக்காத படத்தில் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் திரும்பும். இதற்கு அளவுகோல் கிடையாது, நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் பாதியில் ஒரு காட்சி உண்டு. இரவு வார்டன் வராந்தாவில் நடந்துவந்து ஒவ்வொரு அறையாகத் தாழ்ப்பாள் போடுவான். ஆள் முகத்தைக் காட்ட மாட்டார்கள், சத்தம் மட்டும்தான். தாழ்ப்பாள் சத்தம் முதலில் திரைப் பக்கத்திலிருந்து கேட்கும். பிறகு பக்கச் சுவர்களிலிருந்து. கடைசியில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். ஒலி அமைத்தவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடத்தில் சிலர் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அன்று ஒருவர் எழுந்துவிட்டார்.

வலது பக்கத்துக் கடைசி வாசலுக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர். ஐம்பது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. வேகமாக வந்து கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். நம் அரங்குகளில் வெளியேறும் கதவுகள் எல்லாமே வெளிப்பக்கம் திறப்பவை, அது விதி. ஆபத்துக் காலத்தில் கூட்டம் நெருக்கினால் கதவு தானாகத் திறந்துகொள்ள வேண்டும். தள்ள வேண்டிய கதவை அவர் இழுத்துக்கொண்டிருந்தார். அது எப்படித் திறக்கும்? திறக்காத கதவு அவருக்குப் பூட்டிய கதவாகிவிட்டது. கையால் தட்டத் தொடங்கினார். "தொறங்க, தொறங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். கத்தவில்லை.

எங்கள் சகாயம் உடனே ஓடிவந்தான். வாசலில் டிக்கெட் கிழித்து, இடம் காட்டி, அதே அரங்கில் தலை நரைத்த ஆள். நம் தொழிலில் எது நடந்தாலும் கை முதலில் போவது டார்ச்சுக்குத்தான். அவனும் அதைத்தான் செய்தான். அவர் முகத்தில் நேராக வெளிச்சம் அடித்தான்.

இருட்டில் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அதுதான் திரை. அரங்கில் பாதிப் பேர் படத்தை விட்டுவிட்டு இவரைப் பார்க்கத் தொடங்கினார்கள். "யோவ், உக்காருய்யா" என்று ஒரு குரல். பின்வரிசையில் ஒரு மஞ்சள் பனியன் இருக்கை மேல் ஏறி நின்று சொன்னான்: "டேய், ஸ்க்ரீன்லேருந்து ஒண்ணு எறங்கி வந்துருச்சுடா." பெரிய சிரிப்பு எழுந்தது. அவன் கையில் செல்போன். அவனைப் பார்த்து இன்னும் சில செல்போன்கள் உயர்ந்தன.

நான் முதலில் போய் சகாயத்தின் டார்ச்சை என் உள்ளங்கையால் மூடினேன். "அணை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் அணைத்தான்.

அதற்குள் அவருடைய மனைவி வந்து அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. நான் அவர் தோளைத் தொடப் போனதும் அந்த அம்மாள் தடுத்தார்.

"சார், அவரு கையப் புடிச்சிராதீங்க. ரெண்டு ஆளு சேந்து புடிச்சா அவருக்கு அங்க இருந்த ஞாபகம் வந்துரும். அப்புறம் விடவே மாட்டாரு."

அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு நடுவில் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து அந்த அம்மாள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "வீடியோ எடுக்கறாங்க சார். துறையூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. இப்பதான் ஆளுங்க மறுபடி நம்பி மோட்டார கொண்டாந்து குடுக்கறாங்க. இது ஊருக்குப் போச்சுன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க."

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

கதவைத் தள்ளித் திறந்து அவரை வெளியே கொண்டுபோகலாம். ஆனால் அவர் உடம்பின் எடை முழுவதையும் போட்டு உள்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். விலக்க வேண்டுமானால் இரண்டு பேர் கையைப் பிடித்தாக வேண்டும். அப்படியே திறந்தாலும் அந்தக் கதவுக்கு வெளியே திறந்த முற்றம், கொளுத்தும் வெயில். திறந்த நொடியில் அந்த வெயில் முழுவதும் இவர் மேல்தான் விழும். சகாயத்தின் டார்ச் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. செல்போன்கள் காத்துக்கொண்டிருந்தன.

படத்தை நிறுத்தச் சொல்லலாம். நிறைந்த அரங்கில், அந்தக் கதாநாயகன் படத்தை, ஞாயிற்றுக்கிழமை பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் விசில், பிறகு இருக்கை கிழியும். ஏன் நிறுத்தினார்கள், யாரால் நிறுத்தினார்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் இவர்தான் நிற்பார்.

ஒன்றும் செய்யாமல் இருக்கவும் வழியில்லை. திரையில் வார்டன் இன்னும் தாழ்ப்பாள் போட்டு முடிக்கவில்லை.

பின்சுவரில் ஆபரேட்டர் அறைக்கு ஒரு போன் உண்டு. எடுத்தேன். மேலே ஜாபர் பாய்.

"பாய், இன்டர்வெல் விடுங்க."

"சார், படத்துல இன்டர்வெல் கார்டு இன்னும் வரலையே. அதுக்கு நேரம் கெடக்கு."

"தெரியும். இப்ப விடுங்க. பாட்டு போடுங்க, நல்லா சத்தமா."

"இப்ப விட்டா, அப்புறம் படத்துல கார்டு வருமே சார். அப்ப என்ன பண்றது?"

"அப்ப மறுபடி விடுவோம்."

"சரி, பழி உங்க மேல" என்று சொல்லி போனை வைத்தார்.

சகாயத்தை வெளியே சுற்றிப் போய் எல்லாக் கதவுகளையும் விரியத் திறக்கச் சொன்னேன். வலது பக்கக் கடைசிக் கதவை மட்டும் எல்லாவற்றுக்கும் பிறகு, வெளியிலிருந்து, மெதுவாகத் திறக்க வேண்டும் என்றேன்.

திரை நின்றது. விளக்குகள் ஏறின. ஒரு பழைய குத்துப்பாட்டு அரங்கை நிறைத்தது.

அப்போது நடந்ததை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "அதுக்குள்ளயா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவ்வளவுதான். கேட்டுக்கொண்டே எழுந்தும் விட்டார்கள். படம் நின்றால் கோபப்படுகிற அதே ஆள், இடைவேளை என்றால் பையைத் தடவிப் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கால்களுக்கு அது பழகிப்போயிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் போனால் வரிசை குறைவாக இருக்கும், அதுதான் எல்லோருக்கும் கவலை. மஞ்சள் பனியன்கள் இருக்கைகளைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். செல்போன்கள் பைக்குள் போயின. பக்கத்துக்கு ஒன்றாகக் கதவுகள் திறந்து, வெயில் நாலா பக்கமும் வந்தது. எல்லா இடத்திலும் வெளிச்சம் இருந்தால் தனியாக ஒருவர் மேல் வெளிச்சம் இல்லை.

அவர் அந்தத் திறந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அவர் கையிலிருந்த கதவும் வெளிப்பக்கம் நகர்ந்தது. கைப்பிடியை விடாமல் அதோடு சேர்ந்தே இரண்டடி நடந்து முற்றத்துக்கு வந்துவிட்டார். அங்கே வந்த பிறகுதான் விட்டார்.

அவரையும் அவர் மனைவியையும் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையின் நிழலில் உட்கார வைத்தேன். சகாயம் டீ வாங்கிவந்தான். முதலில் மனைவிதான் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரே வாங்கிக் குடித்தார். அவருடைய நோயைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதைத் தெரிந்தவன்போல நடந்துகொள்ளவும் கூடாது. நீங்களும் அப்படித்தான். நமக்குத் தெரிந்ததைக் கொண்டு நாம் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, பிறகு சும்மா இருக்க வேண்டும்.

அந்த அம்மாள்தான் சொன்னார். மாதம் ஒரு முறை புத்தூர் பக்கம் ஒரு டாக்டரிடம் வருவார்களாம். ஞாயிற்றுக்கிழமையும் அவர் பார்ப்பார். மாத்திரை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, துறையூர் பஸ் ஏறுவது வழக்கம். இன்று டாக்டர், நல்லா இருக்கீங்க, இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு சினிமா. "போஸ்டரைப் பாத்து சண்டைப் படம்னு நெனச்சிட்டோம் சார்" என்றார்.

உள்ளே மணி அடித்துக் கூட்டம் போய் உட்கார்ந்தது. படம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கதவு மூடியிருந்ததால் முற்றத்தில் சத்தம் அடங்கித்தான் கேட்டது.

அவர் எழுந்து அந்தக் கதவருகே போனார். மனைவி பதறி எழுந்தார், நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அவர் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திறந்தார், மூடினார். கீலைப் பார்த்தார். மேலே கதவைத் தானாக மூடவைக்கும் இரும்புக் கையைப் பார்த்தார்.

"தள்ளுற கதவா?"

"ஆமாங்க."

"இழுத்தா எப்படி வரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணு கடைசியில வெளிய வருதா சார்?"

நம் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கதையைச் சொல்லக் கூடாது. வாசலில் நின்று, டிக்கெட் வாங்குமுன் முடிவைக் கேட்கிறவர்கள் தினமும் வருவார்கள். சிரித்துவிட்டு உள்ளே அனுப்புவோம். என் வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

அவருடைய மனைவி எனக்கு நேராக, அவர் பார்க்காதபடி, வருகிறாள் என்று சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். சொல்லியிருப்பேன். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அது ஓடுகிற படம். துறையூரில் போய் இவர் கடையில் உட்கார்ந்தால், மோட்டார் கொண்டுவருகிறவனே மீதிக் கதையைச் சொல்லிவிடுவான். அப்போது கதவு மறுபடியும் பூட்டிக்கொள்ளும். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

"இல்லைங்க" என்றேன். "டாக்டர் கதவத் தொறந்துதான் விடறாரு. தொறந்தே கெடக்கு. ஆனா அந்தப் பொண்ணு வராது. உள்ளயே உக்காந்திருக்கும். அதோட படம் முடிஞ்சிரும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவர் காலி டம்ளரை இரண்டு கைகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். வெயில் அவற்றின் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

"வரலையா" என்றார். பிறகு, "நான் வந்துட்டேனே சார்" என்றார்.

"ஆமாங்க. வந்துட்டீங்க."

அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து பெரிய இரைச்சல் வந்தது. திரையில் இடைவேளை என்ற எழுத்து விழுந்துவிட்டது. விசில், கைத்தட்டல், ஒரே சிரிப்பு. கதவுகள் திறந்து கூட்டம் மறுபடி வெளியே கொட்டியது. சிலர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கேன்டீன்காரருக்கு அன்று இருந்த முகமலர்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இருக்கை மேல் ஏறி நின்ற அந்த மஞ்சள் பனியன் டீயோடு எங்கள் பக்கம் நிழலுக்கு ஒதுங்கினான். நான் குறுக்கே போய் நிற்கப் பார்த்தேன். அவன் நேராக அவரிடம்தான் பேசினான்.

"என்னண்ணே இது, ரெண்டு இன்டர்வெல்லு? பாப்கார்ன் விக்கறதுக்கே படம் ஓட்டறானுங்க போல."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நமக்கென்ன தம்பி. டிக்கெட்டு ஒண்ணுதானே."

அவன் சிரித்துவிட்டு நண்பர்களிடம் போனான். அவன் இவரை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. அவன் எடுத்த வீடியோவில் டார்ச் அணைந்த பிறகு இருட்டுதான் இருந்திருக்கும். அதற்கு முன் இருந்ததும் ஒரு வெள்ளைச் சட்டையும் வெளிச்சமும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அது எங்கேயும் சுற்றியதாக எனக்குச் செய்தி வரவில்லை.

மறுநாள் புரொஜெக்டர் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். முதல் பாதி நடுவில் நின்று ஓடியது அவர்களுக்கு அங்கே தெரிந்திருக்கிறது. என்ன காரணம் என்று கேட்டார். ஜனங்களுக்கு அவசரமாக வந்துவிட்டது சார் என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்றைய பக்கத்தில், ஞாயிறு மதியக் காட்சி நிறைந்தது, ஏ.சி. சரி, இடைவேளை இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறேன். மற்றதை எழுத அப்போது மனம் வரவில்லை.

அன்று இரண்டாவது இடைவேளை முடிய மணி அடித்தது. நான் அவர்களை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வைத்து அனுப்பத் தயாராக இருந்தேன். சகாயத்தைக் கூப்பிட வாயெடுத்தபோது அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"போலாமா" என்றார் மனைவி.

"எங்க போறது? டிக்கெட் வாங்கியிருக்குல்ல."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். படத்தின் முடிவு அவர் கணவருக்குத் தெரியும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கிற மற்ற எவருக்கும் அந்த இரண்டும் தெரியாது. கடைசி வாசலை ஒட்டிய இரண்டு இருக்கைகளைக் காலி செய்து கொடுத்தேன். கதவுத் திரைச்சீலையை ஒதுக்கி, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு மரக்கட்டையை வைத்தேன். ஒரு கோடு வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாம் பாதி முழுவதும் நான் அவருக்குப் பின்னால் சுவரோடு நின்றேன். தாழ்ப்பாள் சத்தம் இன்னொரு முறை வந்தது. அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார், வெயில் கோட்டைப் பார்த்தார், மறுபடி திரைக்குத் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள் பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

கடைசிக் காட்சி வந்தது. டாக்டர் சாவியோடு வராந்தாவில் நடக்கிறார். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. துறையூர்க்காரர் மனைவியின் பக்கம் சாய்ந்தார். அவருக்கு அது மெல்லிய குரல். மோட்டார் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவரின் மெல்லிய குரல் எங்கள் பின்வரிசை முழுவதும் கேட்டது.

"இப்ப கதவத் தொறப்பான் பாரு. ஆனா அது வராது."

அவருக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து அந்த மஞ்சள் பனியன் எரிச்சலோடு முன்னால் குனிந்தான்.

"அண்ணே, ஏற்கெனவே பாத்தவருன்னா கம்முனு பாருங்கண்ணே. கதையச் சொல்லாதீங்க."

"ஸாரி தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் நேராக உட்கார்ந்துகொண்டார்.